புல்லைக் கேட்டு நாள் குறிப்பது

சிங்கம் எந்த மாதமும் எங்கும் போய்விடுவதில்லை. ஆப்பிரிக்காவில் சஃபாரி போக எது நல்ல பருவம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்டவருக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். 'ஆகஸ்ட்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். ஆனால் சிங்கக் கூட்டத்துக்கு என்று ஒரு வட்டாரம் உண்டு. ஆண்டு முழுக்க அதைக் காத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். சிறுத்தையும் அப்படித்தான். இடம் மாறுகிறவை தண்ணீரும் புல்லும். அவற்றின் பின்னால் போகிறவை மேய்ச்சல் கூட்டங்கள். தமிழ்நாட்டிலிருந்து சிறு குழுக்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகிற என் தொழிலில் பாதி நேரம் காட்டில் கழியாது. எங்கே எப்போது மழை பெய்தது, அந்தத் தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது, புல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஊரில் உட்கார்ந்து விசாரிப்பதிலேயே கழியும்.

புல்லின் உயரத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. மழைக்காலம் முடிந்த ஜூன் மாதத்தில் மசாய் மாராவின் புல் இடுப்பளவு நிற்கும். பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் சிவிங்கிப்புலியை அங்கேயே பிறந்து வளர்ந்த ஓட்டுநர்கூடத் தவறவிடுவார். செப்டம்பரில் அதே இடத்துக்குப் போங்கள். லட்சக்கணக்கான வாய்கள் மேய்ந்து தீர்த்த தரையில், கறையான் புற்றின்மேல் ஏறி நிற்கும் அதே விலங்கு அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியும். விலங்கின் எண்ணிக்கையில் மாற்றமில்லை. இரண்டுக்கும் நடுவில் புல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

செரெங்கெட்டி, மாரா இரண்டும் வரைபடத்தில்தான் இரண்டு. தான்சானியாவிலும் கென்யாவிலுமாகப் பரந்து கிடக்கும் ஒரே மேய்ச்சல் நிலம். அதில் ஏறத்தாழ 13 லட்சம் வைல்டுபீஸ்ட்டுகள் (மாட்டுச் சாயல் கொண்ட மான் இனம்), கூடவே 2 லட்சம் வரிக்குதிரைகள், பல லட்சம் சிறுமான்கள். ஆண்டு முழுக்க இவை ஒரு பெரிய வட்டத்தில் சுற்றுகின்றன. தெற்குச் சமவெளியின் மண் எரிமலைச் சாம்பல். அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. ஆனால் அங்கே நிலையான ஆறு இல்லை. மழை நின்று சில வாரங்களில் சமவெளி காய்ந்து வெளுத்துவிடும். வடக்கே மழை அதிகம். மாவ் காட்டில் பிறந்து வரும் மாரா ஆறு கோடையிலும் ஓடும். எனவே வடக்கே போவது பிழைப்புக்கு, தெற்கே திரும்புவது பிள்ளைப்பேற்றுக்கு. இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மாதங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உலகம் முழுக்க விற்பனையாவது, ஜூலை முதல் அக்டோபர் வரை இந்த மந்தைகள் மாரா ஆற்றைத் தாண்டும் ஆற்றுக் கடப்புதான். தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து, ஆப்பிரிக்கா என்றாலே கரையிலிருந்து குதிக்கும் மந்தையும் வாய்பிளந்த முதலையும் என்று நம் ஆட்களுக்குப் பதிந்துவிட்டது. மாராவின் கட்டணப் பலகையே இதைச் சொல்லும். 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர்.

அந்த 200 டாலருக்கு ஆறு கிடைக்கும். கடப்பு கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மந்தை கரைக்கு வரும், முகர்ந்து பார்க்கும், மூன்று மணி நேரம் நிற்கும். ஒரு வரிக்குதிரை மிரண்டு திரும்பினால் மொத்தக் கூட்டமும் பின்னால் திரும்பி மறுபடி மேயப் போய்விடும். ஜூலையில் ஒரு தடவை அந்தப் பக்கம், அக்டோபரில் ஒரு தடவை இந்தப் பக்கம் என்பதும் பாதிக் கதைதான். எந்தக் கரையில் நேற்றுச் சாரல் விழுந்ததோ அந்தக் கரைக்கு ஒரே வாரத்தில் இரண்டு மூன்று முறைகூடப் போய் வரும். இதற்கிடையே கரையோரம் நாற்பது ஐம்பது வண்டிகள். அவசரக்கார ஓட்டுநர் ஒருவர் முன்னால் போய் நின்று வழியை அடைத்துவிட்டால் அன்றைய நாள் போயிற்று. ஆற்றுக் கடப்புக்காக மட்டுமே வருகிறவரிடம் நான்கு முழு நாட்களை ஆற்றங்கரைக்கே ஒதுக்கச் சொல்வேன். இரண்டு இரவுத் திட்டத்துக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. அது லாட்டரிச் சீட்டு.

கிடைத்தாலும் எல்லோராலும் பார்க்க முடிகிற காட்சியா அது? ஒரு ஆகஸ்டில் கோவையிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், எழுபதை நெருங்கியவர், ஆறு கடப்பதைப் பார்க்கத்தான் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். எங்கள் அதிர்ஷ்டம், முதல் நாளே கடப்பு. புழுதி, கத்தல், ஒன்றன்மேல் ஒன்று விழும் உடல்கள். தாயை விட்டுப் பிரிந்த கன்று ஒன்று நீரோட்டத்தில் இழுபட்டுப் போனது. அவர் தொலைநோக்கியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ஏனுங் தம்பி, அந்தக் குட்டி கரையேறிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். பாறை மறைத்ததால் எனக்கும் தெரியவில்லை, அதையே சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் ஆற்றுப் பக்கமே வேண்டாம் என்றுவிட்டார். யானைக் குடும்பங்களோடு மீதி நாட்களை மகிழ்ச்சியாகக் கழித்தார்.

மாரா ஆற்றில் ஆண்டுதோறும் சராசரியாக 6,250 வைல்டுபீஸ்ட்டுகள் மடிகின்றன என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் மூழ்கித்தான்; முதலை தின்பது அதில் சிறு பங்கு. மீதியை மீனும் கழுகும் பெருநாரையும் ஆறுமே எடுத்துக்கொள்கின்றன. அந்த எலும்புகள் கரைந்து பல ஆண்டுகளுக்கு ஆற்றுக்கு உரமாகின்றன என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆனால் இந்த விளக்கத்தைக் கரையில் நின்று அழுகிறவரிடம் சொல்ல முடியாது. அதனால் பருவத்தைப் பேசும்போதே, எதைப் பார்க்க ஆசை என்பதோடு, எதைப் பார்க்க முடியாது என்றும் கேட்டு வைத்துக்கொள்வேன்.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால் பிப்ரவரி. இடம் செரெங்கெட்டியின் தென்கோடியில் உள்ள நிடுட்டு. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அங்கே கன்று ஈனும் காலம். பெரும்பான்மைக் கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடும், அதுவும் பெரும்பாலும் காலை வேளையில். ஒரே சமயத்தில் இத்தனை பிறந்தால் கழுதைப்புலியால் எவ்வளவுதான் தின்ன முடியும்? மிச்சமாவதுதான் அடுத்த தலைமுறை. தரையில் விழுந்த கன்று ஏழெட்டு நிமிடத்தில் எழுந்து நின்றுவிடும். நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போக, இரண்டு முறை குப்புற விழுந்து, மூன்றாவது முறை தாயின் மடிக்குப் பதிலாக எங்கள் வண்டியின் டயரை முட்டிய கன்றையும் பார்த்திருக்கிறேன். இங்கேயும் சாவு உண்டு. ஆனால் சாவுக்கு அடுத்த மேட்டிலேயே பிறப்பும் நடக்கிறது என்பதால் மனசு ஒரு மாதிரி சமப்பட்டுவிடுகிறது.

நிழற்படக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சமவெளியில் மரமே கிடையாது. சாம்பல் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்பு இறுகிப் பாறையாகிவிட்டதால் மரத்தின் வேர் இறங்க முடியாது. கண்ணுக்கு எட்டியவரை குட்டைப் புல், மேலே மழை மேகம். நிடுட்டுவின் பெரும்பகுதி கோரோங்கோரோ பாதுகாப்பு நிலத்தைச் சேர்ந்தது. அங்கே பாதையை விட்டிறங்கி வண்டி ஓட்டலாம். எல்லையைத் தாண்டிச் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குள் போனால் அதற்கு அனுமதியில்லை. மழை என்றால் பயப்படுகிறார்கள். பெரும்பாலான நாட்களில் அது பிற்பகலில் வந்து ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு வரும் மாலை வெளிச்சத்தில் தூசியே இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் புழுதியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து வானத்தைச் சாம்பல் நிறமாக்கியிருக்கும். அந்த வானத்தோடு மல்லுக்கட்டிய எவருக்கும் பிப்ரவரி வெளிச்சத்தின் அருமை தெரியும்.

நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: பள்ளிக்கூடம். தமிழ்நாட்டில் பெரிய விடுமுறை ஏப்ரல், மே. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமழைக் காலம் மார்ச்சிலிருந்து மே வரை. இதைவிடப் பொருத்தமில்லாத இரண்டு காலண்டர்களைத் தேடிப் பிடிக்க முடியாது. மாராவின் தரையில் பெரும்பகுதி நம் கோவில்பட்டிப் பக்கம் உள்ள அதே கரிசல். மழையில் நனைந்த கரிசலில் வண்டியைச் செலுத்திப் பார்த்தவருக்கு மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான்கு சக்கர இழுவை இருந்தும் அச்சு வரை புதைந்துவிடும். தங்குமிடங்கள் பலவும் அந்த மாதங்களில் கதவடைத்துப் பழுது பார்க்கும். 2024 மே மாதத் தொடக்கத்தில் தலெக் ஆறு பெருக்கெடுத்து மாராவின் முகாம்கள் பலவற்றுக்குள் புகுந்தது. பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். விலை பாதி என்று விளம்பரம் வருவது இந்தக் காலத்துக்குத்தான். தனியாக, நாள் கணக்குப் பார்க்காமல் வரக்கூடியவருக்கு அதுவும் அழகான காலமே. குழந்தைகளோடு ஐந்து நாளுக்கு வருகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அவர்களை மே மாதத்தில் தெற்கே திருப்பிவிடுவேன். நிலநடுக்கோட்டுக்குக் கீழே வெகுதூரம் போனால் மழைக் கணக்கே வேறு. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர், போட்ஸ்வானா, ஜிம்பாப்வே எல்லாம் நவம்பரிலிருந்து மார்ச் வரை நனைந்து, ஏப்ரலோடு காயத் தொடங்கும். மே மாதத்தில் கொசு குறைந்திருக்கும், பகல் இதமாக இருக்கும். குறையையும் சொல்லிவிடுகிறேன்: புதர் இன்னும் அடர்த்தியாக நிற்கும், குட்டைகளில் தண்ணீர் மிச்சமிருப்பதால் விலங்குகள் ஆற்றுக்கு வராமல் சிதறிக் கிடக்கும். ஆனால் க்ரூகரில் தார்ச்சாலை உண்டு, சொந்தமாக வண்டி ஓட்டிப் போகலாம், பூங்காவின் குடில்கள் பலவற்றில் சிறு சமையலறையும் உண்டு. குக்கரோடு வந்து இறங்கி, காட்டுப்பன்றிகள் வாசலில் மேய, ரசம் வைத்துச் சாப்பிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். விடிகாலைத் திறந்த ஜீப்பில் மட்டும் மங்கிக் குல்லா இல்லாமல் ஏறக் கூடாது. ஜூன், ஜூலையில் போட்ஸ்வானாவின் அதிகாலை சில நாள் உறைநிலைக்கு அருகில் போய்விடும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வந்து, எல்லாப் படத்திலும் கம்பளிக்குள் சுருண்டிருப்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு.

மழைக்கும் தண்ணீருக்கும் ஒரே பருவம் என்று நினைத்திருப்பவரை நான் ஒகவாங்கோவுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுவேன். அங்கோலாவின் மேட்டு நிலத்தில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை பெய்யும் மழை குபாங்கோ, குயிட்டோ என்ற இரு ஆறுகளில் இறங்கி, நமீபியாவின் ஒரு துண்டைக் குறுக்கே கடந்து போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. இரண்டும் சேர்ந்த அந்த ஒகவாங்கோ ஆறு கடலைச் சேர்வதே இல்லை. கலஹாரி மணலில் விரிந்து, ஆவியாகி, அங்கேயே முடிந்துவிடுகிறது. அது விரியும் நிலத்தின் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு இறக்கம் சுமார் 60 மீட்டர்தான். கோரைக் காட்டுக்கு நடுவே அவ்வளவு மெல்ல நகரும் வெள்ளம், மேல்முனையை ஏப்ரல் வாக்கில் நிரப்பி, கீழ்முனையில் உள்ள மவுன் நகரைத் தொடும்போது ஜூன், ஜூலை ஆகியிருக்கும். அங்கே அப்போது வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. மழை நின்று மாதக்கணக்காகி, சுற்றியுள்ள மண்ணெல்லாம் வெடித்துக் கிடக்கிற நேரத்தில் நடுவில் மட்டும் நிலம் நிரம்புகிறது.

அந்தத் தண்ணீரின் முனையை நேரில் பார்த்திருக்கிறேன். காய்ந்த வாய்க்காலில் சருகையும் பூச்சிகளையும் தள்ளிக்கொண்டு, நுரையோடு, ஒரு விரல் உயரத்துக்கு வருகிறது. பொந்துகளில் இறங்கும்போது குமிழியிட்டுச் சத்தம் போடுகிறது. நாரைகள் அதற்கு முன்னால் நடந்துகொண்டே, தப்பி ஓடும் பூச்சிகளைப் பொறுக்குகின்றன. மவுன் ஊருக்குள் தமலகானே ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது ஊர்க்காரர்கள் பாலத்துக்குப் பார்க்க வருவார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரக் காத்திருந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால், மொழி தெரியாமலே எல்லாம் புரிந்திருக்கும்.

ஒகவாங்கோவுக்கு நாள் குறிக்கும்போது நான் முகாம்காரரிடம் கேட்பது மாதத்தை அல்ல. உங்கள் முகாம் அந்த வாரம் தண்ணீரில் இருக்குமா, தரையில் இருக்குமா? ஒரே முகாம் மார்ச்சில் ஜீப் முகாமாகவும் ஜூலையில் படகு முகாமாகவும் இருக்கும். மோகோரோ எனும் ஒடுக்கமான தோணியில் அல்லிகளுக்கு நடுவே போக ஆசைப்படுகிறவருக்குத் தண்ணீர் வேண்டும். சிங்கத்தைப் பின்தொடர்ந்து போக ஆசைப்படுகிறவருக்குத் தரை வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இன்னொரு நன்மையும் உண்டு. நாள் தவறாமல் இடம் மாறித் திரியும் ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் அப்போதுதான் வளைக்குள் குட்டி போட்டு, ஏறத்தாழ மூன்று மாதம் ஒரே இடத்துக்குத் திரும்பி வரும்.

அக்டோபரை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். ஜாம்பியாவின் தென் லுவாங்வாவில் அந்த மாதம் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மோபானி மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்; ஒதுங்க நிழல் இல்லை. ஆறு சுருங்கி, மிஞ்சிய மடுக்களில் நீர்யானைகள் தோளோடு தோள் இடித்துச் சண்டையிடும். விலங்கைக் காண்பதற்கு ஆண்டிலேயே எளிதான காலம்; விலங்குக்கோ ஆண்டிலேயே கொடிய காலம். கரைச் சுவர்களில் ஆயிரக்கணக்கில் பொந்து குடைந்து கூடு வைக்கும் செந்நிறப் பஞ்சுருட்டான்களைப் பார்க்க மட்டுமே அந்த வெயிலைத் தாங்கிக்கொள்கிறவன் நான். இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர் என்றால் ஜூலைக்குத் தள்ளிவிடுவேன்.

விக்டோரியா அருவியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள்தான் அதிகம் தடுமாற வைப்பார்கள். அருவியில் தண்ணீர் நிறைந்திருப்பது ஏப்ரல், மே. அப்போது சாரலே திரையாகி அருவியை மறைத்துவிடும், நனைந்ததுதான் மிச்சம். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறை. அருகிலுள்ள சோபே ஆற்றங்கரையிலோ யானைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்வது வறட்சி முற்றிய செப்டம்பர், அக்டோபரில். இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்க வழியில்லை. ஜூன் பின்பாதி, ஜூலை என்று நடுவில் போய் நிற்பது என் வழக்கம்.

பருவத்தின் நடுப்பகுதியை விட, ஒரு பருவம் இன்னொன்றிடம் கைமாறும் சந்திகளைத்தான் எனக்குப் பிடிக்கும். நவம்பரின் முதல் மழைக்கு முந்தைய நாட்களைச் சொல்கிறேன். தெற்கில் இம்பாலா மான்கள் குட்டி போடத் தயாராகும். தூக்கணாங்குருவி இனங்கள் மங்கல் நிறத்தை விட்டு மஞ்சளுக்கு மாறியிருக்கும். அமுர் வல்லூறுகள் வந்து சேரத் தொடங்குவதும் இந்தச் சமயத்தில்தான். சைபீரியா, வடசீனப் பக்கம் பிறந்து, நாகாலாந்தில் இளைப்பாறி, நம் தீபகற்பத்தின் மேலே பறந்து, அரபிக் கடலை ஒரே மூச்சில் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகும் பறவை அது. நமக்கு வடகிழக்குப் பருவமழை வரும் நாட்களில் வீசும் காற்றே அவற்றையும் கடல் தாண்டத் தள்ளிவிடுகிறது. அவற்றைப் பார்க்கவென்று யாரும் விமானம் ஏறுவதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

சொன்ன கணக்கெல்லாம் சராசரிக் கணக்கு. 2019-இன் கடைசி மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி வழக்கத்தைவிடச் சூடாகவும் கிழக்குப் பாதி குளிர்ந்தும் கிடந்தது. கிழக்கு ஆப்பிரிக்கா சிறுமழைக் காலத்தில் வெள்ளத்தில் மிதந்தது. அதே நேரத்தில் தெற்கே வறட்சி. விக்டோரியா அருவி நூலாக இளைத்துப்போய்ச் செய்தியானது. 2024-லும் எல் நினோவால் ஜாம்பியா, ஜிம்பாப்வே காய்ந்து கிடக்க, கென்யா மூழ்கியது. அதனால் வழிகாட்டி நூல்களின் மாத அட்டவணையை நான் தொடக்கமாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன். கடல் வெப்ப நிலவரத்தை ஆகஸ்டிலிருந்தே கவனிப்பேன். குழு சிறியதாக இருந்தால் நிலவையும் பார்ப்பேன். இருட்டான இரவுகளில் சிங்கத்துக்கு வேட்டை எளிது, அடுத்த நாள் காலை அதன் வயிற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மற்றவை சில்லறை விவரங்கள். கென்யா போகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் நிலையம் போன்ற அரசு அங்கீகரித்த இடத்தில் போட்டு, குறைந்தது பத்து நாள் கழித்தே கிளம்ப வேண்டும். அதற்கு முன் சான்றிதழ் செல்லாது. மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, அடர்நீலச் சட்டைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். செட்ஸி ஈக்களை அந்த நிறங்கள் கூப்பிடும்.

பிப்ரவரிப் பயணத்துக்கு முதல் இரவுகளை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்கிறேன். கடைசி இரண்டு இரவுகளைக் கையில் வைத்துக்கொள்வதில் முகாம்காரர்களுக்கு வருத்தம்தான், ஆனால் பழகிவிட்டார்கள். ஜனவரி நடுவில் தான்சானியாவின் அருஷாவிலிருக்கும் ஓட்டுநர் நண்பருக்கு வாட்ஸப்பில் ஒரே கேள்வி அனுப்புவேன்: புல் எப்படி? கணுக்கால் அளவு, வரிக்குதிரை வந்துவிட்டது என்று பதில் வந்தால் வைல்டுபீஸ்ட் பின்னாலேயே வருகிறது என்று பொருள். உயரமான முரட்டுப் புல்லை வரிக்குதிரை முதலில் கடித்துத் தீர்க்கும். அடியிலுள்ள இளம்புல் வைல்டுபீஸ்ட்டுக்கு. அப்படியானால் நிடுட்டுவிலேயே நீட்டிப்பேன். காய்ந்து கிடக்கிறது என்றால், கூட்டம் எந்தத் திசை மேகத்தைத் தேடிப் போயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் எந்த முகாமில் இடம் இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பேன்.